நம்பர் விழுவதற்கு முன்னால்

சொந்தபந்தத்தில் யாராவது புது கார் எடுக்கப் போகிறோம் என்று சொன்னால், எந்தக் கம்பெனி, எவ்வளவு மைலேஜ் என்றெல்லாம் இப்போது நான் விசாரிப்பதில்லை. "நம்பர் விழறதுக்கு முன்னாடி வண்டியைப் பகல் வெளிச்சத்துல பார்த்துட்டீங்களா?" என்பதுதான் என் முதல் கேள்வி. சென்னிமலையில் என் தங்கை வீட்டில் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு பழகிப்போன கேள்வி அது.

மாப்பிள்ளைக்கு பெட்ஷீட் வியாபாரம். வீட்டுக்கென்று ஒரு கார் எடுக்க வேண்டும் என்று வெகு நாளாகச் சேர்த்து வைத்து, தை மாதத்தில் நல்ல நாள் பார்த்து எடுத்தார். டெலிவரி சாயங்காலம். ஷோரூமில் நடப்பது உங்களுக்கே தெரியும். வண்டி மேல் பட்டுத்துணி, ரிப்பன், கேக், அட்டையில் செய்த பெரிய சாவி, குடும்பத்தோடு ஒரு போட்டோ. தலைக்கு மேல் வரிசையாக வெள்ளை விளக்குகள். அந்த வெளிச்சத்தில் மின்னாத வண்டியே கிடையாது. நாலைந்து இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஒரு தாளில், வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று அச்சடித்திருந்தது. மறுநாள் காலையில் மலைக்குப் போனோம். 1320 படியும் ஏறாமல் வண்டிப்பாதையிலேயே மேலே போய், முருகன் முன்னால் மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, எல்லோருக்கும் பிரசாதம் கொடுத்து இறங்கினோம்.

கொஞ்ச நாளில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் யாரோ பைக் ஹேண்டிலை இடது பின்கதவில் உரசிவிட்டுப் போய்விட்டார்கள். லேசான கோடுதான். பாலிஷ் போட்டால் போய்விடும் என்று, தெரிந்த டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பெயிண்டர் அண்ணன் குனிந்து பார்த்தார். எழுந்து சுற்றி வந்து முன்கதவைப் பார்த்தார். மறுபடியும் பின்கதவுக்கு வந்தார்.

"ஏனுங்க, புது வண்டீன்னு சொன்னீங்க?"

"ஆமாங்க, இப்பத்தானுங்க எடுத்தோம்."

"இந்தக் கதவுக்கு ஒருக்கா பெயிண்ட் அடிச்சிருக்காங்களே, தெரியுங்களா?"

அவர் காட்டியதை இங்கே விவரமாகவே எழுதுகிறேன், உங்களுக்கும் உதவும். கதவைத் திறந்து ஓரத்து ரப்பர் பீடிங்கை நகத்தால் லேசாக விலக்கினார். உள்ளே ஒரு கோடு. மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்துவிட்டு உரித்தால் விழுகிற கோடு. விரல் வைத்தால் படி போலத் தட்டியது. அடுத்து கதவு கீலில் இருக்கும் போல்ட்டைக் காட்டினார். கம்பெனியில் கதவை மாட்டிய பிறகுதான் பாடியோடு சேர்த்து பெயிண்ட் அடிப்பதால், அந்த போல்ட் தலையிலும் அதே கலர் உடையாமல் இருக்க வேண்டும். இதில் முனை உடைந்து வெள்ளை தெரிந்தது. ஸ்பேனர் கடித்த இடம். பிறகு வெயிலில் வண்டியைச் சாய்த்து நிறுத்தச் சொல்லி, கதவில் விழுகிற மின்கம்பத்தின் பிம்பத்தைப் பார்க்கச் சொன்னார். முன்கதவில் கம்பம் நேராக விழுந்தது. பின்கதவில் நெளிந்தது. பெயிண்டர்கள் ஆரஞ்சு பீல் என்பார்கள். கம்பெனி பெயிண்டிலும் அது கொஞ்சம் இருக்கும், ஆனால் வண்டி முழுக்க ஒரே சீராக இருக்கும்.

கடைசியாக உள்ளே போய் பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டரை எடுத்து வந்தார். மற்ற கதவுகளில் 110, 120 மைக்ரான். இந்தக் கதவில் மேல்பக்கம் 280. கீழே ஓரிடத்தில் அதற்கும் மேலே போனது. "அடியில பட்டி இருக்குதுங்க" என்றார். (அந்த மீட்டர் இரும்புத் தகட்டில்தான் வேலை செய்யும், பிளாஸ்டிக் பம்பரில் பார்க்க முடியாது.)

நம் ஊரில் நிறையப் பேர், மேலே பெயிண்ட்தானே, என்ன போச்சு என்பார்கள். கம்பெனியில் வெறும் இரும்புக் கூடாக இருக்கும்போதே பாடி முழுவதையும் துருத்தடுப்புத் தொட்டியில் முக்கி எடுத்து, பிறகு கலர் அடித்து, 140 டிகிரி பக்கம் சூட்டில் வேக வைக்கிறார்கள். முழுசாகக் கோர்த்த வண்டியை அந்தச் சூட்டில் வைத்தால் வயரும் சீட்டும் பிளாஸ்டிக்கும் தாங்காது. அதனால் சர்வீஸ் சென்டரில் அடிக்கும் பெயிண்டை 60, 80 டிகிரியில்தான் காய வைக்க முடியும். எவ்வளவு நல்ல கைக்காரர் அடித்தாலும் இரண்டும் ஒன்றாகாது. இன்னொன்றும் உண்டு. ஐந்து வருடம் கழித்து வண்டியை விற்கப் போகும்போது, வாங்க வருகிறவரும் ஒரு மீட்டரோடுதான் வருவார். "கதவு அடிபட்டிருக்குதே" என்று அவர் குறைக்கும் தொகை, யாரோ இடித்ததற்கு நாம் கட்டும் அபராதம்.

ஷோரூமுக்குப் போவதற்கு முன் எனக்குத் தெளிவாக வேண்டியிருந்தது ஒன்றுதான்: இதில் நியாயம் எங்கே இருக்கிறது? வண்டிகள் டிரெய்லரில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வருகின்றன. ஏற்றும்போது இறக்கும்போது இடிபடும். யார்டில் நெருக்கி நிறுத்தும்போது உரசும். அதற்கென்று இன்சூரன்சும் இருக்கிறது. இதில் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். சென்னிமலைத் தறியில்கூட இழை தப்பிய பெட்ஷீட் விழத்தான் செய்கிறது. ஆனால் வியாபாரி அதைத் தனியாக எடுத்து வைத்து, செகண்ட்ஸ் என்று சொல்லி, விலை குறைத்துக் கொடுக்கிறார். வாங்குகிறவரும் தெரிந்தே வாங்குகிறார். ஷோரூமும் மாப்பிள்ளையிடம், "கதவு அடிபட்டு பெயிண்ட் அடிச்சிருக்குதுங்க, இவ்வளவு குறைச்சுக்கறோம்" என்று சொல்லியிருந்தால் அவர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருப்பார். அந்த முடிவை எடுக்கும் உரிமையைத்தான் அவரிடமிருந்து பறித்தார்கள்.

அமெரிக்காவில் அச்சு அசலாக இதே வழக்கு நடந்திருக்கிறது. அலபாமா மாநிலத்தில் ஒரு டாக்டர் 1990 ஜனவரியில் 40,750 டாலர் சொச்சம் கொடுத்து புது பிஎம்டபிள்யூ வாங்கினார். ஒன்பது மாதம் கழித்து, வண்டியை இன்னும் பளபளப்பாக்கலாம் என்று ஒரு கடைக்குக் கொண்டுபோனபோது, கடைக்காரர்தான் பெயிண்ட் அடித்திருப்பதைக் கண்டுபிடித்தார். வழியில் அமில மழையில் பெயிண்ட் கெட்டதால் மறுபடி அடித்திருந்தார்கள். வழக்கில் கம்பெனி ஒன்றை ஒத்துக்கொண்டது: ரிப்பேர் செலவு வண்டி விலையில் 3 சதவீதத்துக்குள் இருந்தால் டீலரிடம்கூடச் சொல்லாமல் புது வண்டியாகவே விற்பது அவர்கள் வழக்கமாம். இந்த வண்டிக்கு ஆன செலவு 601 டாலர். ஜூரி கொடுத்த நஷ்ட ஈடு 4,000 டாலர். அதற்கு மேல் தண்டத்தொகையாக 40 லட்சம் டாலர்! அலபாமா உச்ச நீதிமன்றம் அதை 20 லட்சமாக்கியது. 1996 மே 20 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இது அளவுக்கு மீறிய தொகை என்று சொல்லித் திருப்பி அனுப்ப, கடைசியில் தண்டத்தொகை 50,000 டாலரில் நின்றது. தொகை இறங்கியதை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. ஜூரி தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே, எவ்வளவு சின்ன ரிப்பேரானாலும் சொல்லிவிடுவது என்று அந்தக் கம்பெனி நாடு முழுவதும் தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது.

நம் சட்டத்தில் இப்படி மூன்று சதவீதக் கணக்கு எதுவும் இல்லை. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவில் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றால் என்ன என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். திரும்பச் சீர்செய்த, புதுப்பித்த, பழைய பொருளைப் புதுசு என்று காட்டி விற்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நாங்கள் பிடித்துக்கொண்டது அந்த வரியைத்தான்.

ஷோரூமில் முதலில் சிரித்த முகமாகத்தான் வரவேற்றார்கள். "பாலிஷ் பண்ணித் தந்தர்றோங்க சார்." பெயிண்ட் அடித்திருப்பதைக் காட்டினோம். "சீட் கவர், மேட் ஃப்ரீயா போட்டுத் தர்றோங்க." மாப்பிள்ளை அசையவில்லை. அப்புறம்தான் பேச்சின் தொனி மாறியது. "டெலிவரி எடுக்கறப்ப கையெழுத்துப் போட்டீங்களே சார், வெளியில எங்காச்சும் அடிச்சிருப்பீங்க."

இதற்கு நடுவில் ஒருவர் அன்பாகச் சொன்ன யோசனைதான் எல்லாவற்றிலும் ஆபத்து. "எதுக்குங்க சண்டை, உங்க இன்சூரன்ஸ்ல கிளெய்ம் போட்டு புதுக் கதவே மாத்திக்கலாம். உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை." தயவுசெய்து இதற்கு யாரும் தலையாட்டாதீர்கள். கிளெய்ம் படிவத்தில் எந்தத் தேதியில், எங்கே, எப்படி இடித்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நடக்காத விபத்தை நடந்ததாக நாமே எழுதிக் கொடுப்பது அது. வண்டி நம் கையில் இருக்கும்போதுதான் அடிபட்டது என்பதற்கு நாமே சாட்சி ஆகிவிடுவோம். அடுத்த வருட நோ கிளெய்ம் போனஸும் போகும்.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளை கொதித்தார். "மச்சா, வண்டியக் கொண்டுபோய் ஷோரூம் வாசல்லயே நிறுத்திட்டு வந்தர்றேன். மாலை போட்டு போர்டு வெச்சு நாலு பேரு பார்க்கட்டும்." அவர் கோபம் நியாயமானது. ஆனாலும் அதைத் தடுத்து, உட்கார்ந்து ஒரு கடிதம் எழுத வைத்தேன். கோபமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை, கேள்விகள் மட்டும்தான். இந்த சேஸிஸ் எண்ணுள்ள வண்டி தொழிற்சாலையிலிருந்து எந்தத் தேதியில் புறப்பட்டது, உங்கள் யார்டுக்கு எப்போது வந்தது? வந்தபோது சேதம் ஏதாவது குறிக்கப்பட்டதா? டெலிவரிக்கு முன் உங்கள் பாடி ஷாப்பில் இந்த வண்டிக்கு ஜாப் கார்டு போடப்பட்டதா? போட்டிருந்தால் பில்லில் ஏன் சொல்லவில்லை? டெலிவரிக்கு முந்தைய பரிசோதனைத் தாளின் நகல் வேண்டும். பட்டறை அண்ணன் தன் லெட்டர்பேடில் மீட்டர் அளவுகளை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார், அதையும் போட்டோக்களையும் இணைத்தோம். ஒரு நகல் டீலருக்கு, ஒரு நகல் தயாரிப்புக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு. இரண்டும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில். அதையே ஈமெயிலிலும் அனுப்பினோம்.

ஏன் இப்படிக் கேள்வியாகக் கேட்க வேண்டும் என்றால், ஷோரூம் நம்மிடம் பேசுவதெல்லாம் வாய்ப்பேச்சு. மேனேஜர் மாறுவார், சேல்ஸ் பையன் வேலையை விட்டுப் போவான், சொன்னது காற்றில் போகும். எழுத்தில் வந்த கேள்விக்குப் பொய்யான பதிலை எழுத்தில் கொடுக்க எந்த டீலரும் துணிய மாட்டார். ஏனென்றால் சேஸிஸ் எண்ணை வைத்து கம்பெனி கம்ப்யூட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும். பதில் சொல்லாமல் விட்டாலும் அந்த மௌனம் பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் நமக்குத்தான் உதவும்.

கம்பெனிக்கும் ஏன் நகல் அனுப்பினோம், ஆனால் ஏன் டீலரையே முதல் ஆளாகப் பிடித்தோம் என்பதற்குக் காரணம் கோவாவில் நடந்த ஒரு வழக்கு. 2011இல் அங்கே ஒருவர் புது டாடா காருக்குப் பணம் கட்டினார். டீலர் கொடுக்க வந்ததோ 2009இல் தயாரான வண்டி. 622 கிலோமீட்டர் ஓடியிருந்தது, அடிப்பாகம் துருப்பிடித்திருந்தது, மேலே கீறல்கள். அவர் டெலிவரி எடுக்க மறுத்து வழக்குப் போட்டார். மாவட்டத்திலிருந்து தேசிய ஆணையம் வரை டீலரும் கம்பெனியும் சேர்ந்தே பொறுப்பு என்றுதான் உத்தரவு வந்தது. 2021 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் டாடா மோட்டார்ஸை மட்டும் விடுவித்தது. வண்டியைக் காசு கொடுத்து வாங்கி விற்கிற டீலர் தனி வியாபாரி, அவர் செய்தது கம்பெனிக்குத் தெரியும் என்று புகாரிலும் சொல்லவில்லை, நிரூபிக்கவும் இல்லை என்பது காரணம். அதனால் வண்டி எங்கே அடிபட்டது, யாருக்கெல்லாம் தெரியும் என்பதை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கம்பெனிக்கு நேரடியாகக் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டால், எங்களுக்குத் தெரியாது என்ற பேச்சு அந்தத் தேதியோடு நின்றுவிடும்.

கடிதம் போனதும் கம்பெனியின் ஏரியா ஆள் ஒருவர் சென்னிமலைக்கே வந்தார். வண்டியைப் பார்த்தார், மீட்டர் வைத்தார், அதிகம் பேசவில்லை. பிறகு டீலரிடமிருந்து, "வாங்க சார், பேசி முடிச்சுக்கலாம்" என்று போன் வந்தது.

என்ன கேட்பது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒரு விவாதம். தங்கைக்கு அந்த வண்டியே வேண்டாம், வேறு வண்டி கொடுக்கட்டும் என்று பிடிவாதம். வண்டியை மாற்றித் தரக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் 2006இல் மாருதி வழக்கொன்றில், வாரண்டி என்பது கெட்ட பாகத்தை மாற்றித் தருவதற்குத்தான், முழு வண்டியையும் மாற்றுவதற்கு அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதோடு வண்டிக்கு நம்பர் விழுந்தாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். அதைக் கட்டி, ஆர்.சி. புத்தகத்தில் பேர் ஏறிய வண்டியைத் திரும்ப எடுத்தால் டீலருக்கு அது இரண்டாம் கை வண்டி. அவர் கடைசி வரை மல்லுக்கட்டுவார்.

ஹைதராபாத் பக்கம் நடந்த ஒரு வழக்கை மாப்பிள்ளையிடம் சொன்னேன். 2009 செப்டம்பரில் ஒரு நிறுவனம் பிஎம்டபிள்யூ கார் வாங்கியது. நான்கே நாளில் கோளாறு. 2012இல் உயர் நீதிமன்றம் வழக்கை முடித்துப் புது வண்டி தரச் சொன்னது, கம்பெனியும் ஒத்துக்கொண்டது, வாங்கியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் கொடுத்து முடிக்கச் சொன்னது. பதினைந்து வருடம் இழுக்கிற சக்தி ஒரு நிறுவனத்துக்கு இருக்கலாம். குடும்பத்துக்கு இருக்காது.

என் கணக்கு இதுதான். அடிபட்டது கழற்றி மாட்டுகிற பாகமா, வெட்டி ஒட்டிய பாகமா என்று பார்க்க வேண்டும். கதவு, பானெட், ஃபெண்டர் எல்லாம் போல்ட்டில் நிற்பவை. பில்லர், கூரை, சேஸிஸ் இவற்றில் வெல்டிங் பட்டிருந்தால் எந்தத் தொகைக்கும் இறங்கக் கூடாது, எத்தனை வருடமானாலும் வண்டியை மாற்றக் கேட்டே போராட வேண்டும், குழந்தைகள் உட்கார்ந்து போகிற வண்டி அது. மாப்பிள்ளை வண்டியைப் பட்டறையில் தூக்கி நிறுத்தி பில்லரையும் அடித்தளத்தையும் அண்ணன் தடவிப் பார்த்துவிட்டு, "கதவோட நின்னுருச்சுங்க" என்றார். அதன் பிறகுதான் பேசப் போனோம்.

முடிவில் கிடைத்தது: டெலிவரிக்கு முன் அந்தக் கதவுக்கு பெயிண்ட் வேலை நடந்தது என்று டீலர் லெட்டர்பேடில் ஒப்புதல், புதுக் கதவு, மறுவிற்பனையில் குறையும் மதிப்புக்கு ஈடாக ஒரு தொகை செக்காக, அந்தப் பக்கத்து பெயிண்டுக்கு எழுத்தில் தனி வாரண்டி. கடைசி நேரத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். இனி இந்த வண்டி சம்பந்தமாக எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருந்தது. மாப்பிள்ளை பேனாவை மூடிவிட்டார். "இந்தக் கதவு சம்பந்தமா மட்டும்னு மாத்துங்க, அப்பறம் போடறேன்." மாற்றினார்கள். நாளைக்கு இன்ஜினில் கோளாறு வந்தால் அந்தப் பழைய வரியைக் காட்டி வாயை அடைத்திருப்பார்கள்.

பேசித் தீராவிட்டால் எங்கே போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷோரூம் கோயமுத்தூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், சென்னிமலைக்காரர் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்த 2019ஆம் வருடச் சட்டம், வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க வழி செய்திருக்கிறது. நாம் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பத்திலிருந்து இருபது லட்சம் வரையிலான வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எதிர்த்தரப்பு 30 நாளில், மிஞ்சினால் இன்னும் 15 நாளில் பதில் கொடுத்தாக வேண்டும், அதற்கு மேல் அவகாசம் கிடையாது என்று 2020இல் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் ஒரு புகாரைப் பதிந்து வையுங்கள். கம்பெனி வரை அது போய்ச் சேரும்.

இவ்வளவு சுற்றலும் வேண்டாமென்றால், முதலில் சொன்ன அந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 42இன்படி, தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பதிவு செய்யாத வண்டியை டீலர் வாங்குகிறவர் கையில் கொடுக்கக் கூடாது. ஆக, டெலிவரி அன்றைக்குப் பார்க்கிற வண்டி ஏற்கெனவே நம் பேருக்குப் பதிவான வண்டி. அன்றைக்குக் குறை கண்டுபிடித்தாலும் பாதி பலம் போய்விடுகிறது. சேஸிஸ் எண் ஒதுக்கியதும், முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன்னால், யார்டுக்குப் போய்ப் பாருங்கள். காலை வெயில் நல்லது. பெயிண்டர் ஒருவரைக் கூட்டிப் போனால் இன்னும் நல்லது. டயரில் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். கண்ணாடிகள் எல்லாவற்றிலும் ஒரே கம்பெனி முத்திரையும் அடுத்தடுத்த தேதிக் குறியும் இருக்கிறதா, ஒன்று மட்டும் தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். தயாரித்த மாதத்தை ஃபாரம் 21இல் சரிபாருங்கள். யார்டுக்கு விட மாட்டோம் என்று சொல்லும் ஷோரூமில் முன்பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடுவதே மேல் என்பது என் எண்ணம்.

கடைசியாக, எங்கள் ஊர்க்காரர்களுக்கு முக்கியமான ஒன்று. தறி வைத்து, தானே பெட்ஷீட் கட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிற ஒருவர், புதிதாக எடுத்த சின்ன லோடு வண்டியில் இதே மாதிரி குறையைக் கண்டு கேட்டபோது, "அது கமர்ஷியல் வண்டிங்க, நுகர்வோர் கோர்ட்டு எடுக்காது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் அந்த விலக்கில் வராது என்று அதே பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. அவருக்கும் அதே மாதிரிக் கடிதத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். போன திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிட்டு ரசீதைக் கொண்டுவந்து காட்டினார்.